ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் வாயே திறக்காத பொண்ணு: நடந்தத மறுபடி சொல்ல வெச்சுத்தான் ஆகணுமா?

கொங்குஅம்மா:
வணக்கம்ங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இழை ஆரம்பிக்கறது இதான் முதல் தடவ. என் பொண்ணுக்கு எட்டு வயசு. போன வருஷக் கடைசில எங்க அப்பா, அதாவது அவளோட அப்புச்சி, ஓட்டிட்டுப் போன கார் பைபாஸ்ல லாரில மோதி அப்பா அங்கயே போயிட்டாருங்க. பொண்ணு பின்சீட்ல இருந்தா. கையில எலும்பு முறிவு, அது கூடிருச்சு. ஆனா அதுக்கப்புறம் கார்லயே ஏற மாட்டேங்கறா, ஸ்கூல் வேனும் வேண்டாங்கறா, லாரி ஹாரன் கேட்டா காதப் பொத்திட்டு உக்காந்துக்கறா, ராத்திரி அலறிட்டு எந்திரிக்கறா, தனியாப் படுக்கறதே இல்ல. அப்புச்சி பத்தி ஒரு வார்த்தை பேசறதில்ல. யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடறா.

இப்ப ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போயிருக்கோம். ட்ராமா ஃபோகஸ்டு சிபிடின்னு ஒரு தெரபி, பெரிய அதிர்ச்சில மனசு பாதிச்ச பிள்ளைங்களுக்கான பேச்சு சிகிச்சையாம், பன்னெண்டுலருந்து பதினாறு வாரம் ஆகும், பாதி நேரம் பொண்ணுகூட பாதி நேரம் என்கூடன்னு சொன்னாங்க. நடுவுல ஆக்சிடென்ட்ல என்ன நடந்துச்சுன்னு அவளையே முழுசா சொல்ல வெச்சு எழுதுவாங்களாம். வீட்ல எல்லாரும் ஒரே எதிர்ப்பு, ஆறிட்டு வர்ற புண்ண எதுக்குக் கிளறணும்ங்கறாங்க எங்கம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இதப் பண்ணவங்க, தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.

நேர்மைமணி:
சகோதரி, உங்கம்மா சொல்றதுதான் சரி. குழந்தைங்க மறந்துரும். நம்ம காலத்துல எத்தனை சாவு எத்தனை வெள்ளம் பார்த்தோம், யாரு நம்மள உக்கார வெச்சு கதை கேட்டாங்க? எங்க அக்கா பையன ஒரு கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, பக்கத்து வீட்டுல கேஸ் சிலிண்டர் வெடிச்சத நேர்ல பார்த்தவன் அவன். முதல் நாளே பேப்பர் பென்சில் குடுத்து வரைய வெச்சு எல்லாத்தையும் கேட்டிருக்காங்க, அன்னைக்கு ராத்திரிலருந்து படுக்கையில ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சுட்டான். அப்புறம் அங்க போகவே இல்ல. கேட்டுக் கேட்டு பயத்த வளர்க்காதீங்க.

வைகைக்கரை:
நான் மதுரைல குழந்தைங்களோட வேலை செய்யற சைக்காலஜிஸ்ட், இந்த முறையில ட்ரெய்னிங் எடுத்திருக்கேன். மணி சார் சொன்ன அந்தப் பையனுக்கு நடந்தது எனக்கு உண்மையிலயே கோவம் வர வைக்குது சார், ஆனா அது இந்த தெரபி இல்ல, இதுக்கு நேர் எதிரானது. முதல் நாளே கதை கேக்கறதுங்கறது இதுல கிடையவே கிடையாது.

இது அமெரிக்கால ஜூடித் கோஹென், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர்னு மூணு பேர் சேர்ந்து உருவாக்கினது, முதல்ல பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காக, அப்புறம் விபத்து, சாவு, வீட்டு வன்முறை, போர்னு எல்லாத்துக்கும் விரிஞ்சுது. 3 வயசுலருந்து 18 வரைக்கும் பண்ணலாம். மொத்தக் காலத்த மூணாப் பிரிச்சா முதல் பங்குல சம்பவத்தோட விவரத்துக்குள்ள போகவே மாட்டோம். உனக்கு நடந்தது இது, இதுக்குப் பேர் இது, இந்த மாதிரி நடந்த நிறைய பிள்ளைங்களுக்குக் கெட்ட கனவு வரும், திடுக்குனு தூக்கிப் போடும், நீ பைத்தியம் ஆகல, இதுக்கு வைத்தியம் இருக்கு, இதத்தான் முதல்ல சொல்லுவோம். அப்புறம் மூச்சு. சோப்புக் குமிழி ஊதச் சொல்லுவோம், பெருசா ஊதணும்னா மெதுவா ஊதணும்ல, அதுலயே வயித்துல மூச்சு விடறது வந்துரும். உடம்ப இறுக்கித் தளர்த்தறது. பயத்துக்கு பூஜ்யத்துலருந்து பத்து வரைக்கும் மார்க் போடக் கத்துக்கறது. அப்புறம் ஒரு நினைப்பு வந்தா மனசு எப்படி மாறுது, மனசு மாறினா நாம என்ன செய்யறோம்னு அன்றாட விஷயத்துல, ஃப்ரெண்டு பேசாமப் போயிட்டாங்கற மாதிரி விஷயத்துல, பழக்கறது. இது எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கதை. அதுவும் பிள்ளை எந்த இடத்துலருந்து ஆரம்பிக்கணும்னு நினைக்குதோ அங்கருந்து, சாதாரணமா அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டோம்ங்கறதுலருந்து, ஒவ்வொரு வாரம் கொஞ்சம் கொஞ்சமா.

கொங்குஅம்மா, ஒண்ணு மட்டும் கவனிங்க. உங்க பொண்ணு மறக்கல. மறந்திருந்தா ஹாரனுக்குக் காதப் பொத்த மாட்டா, அப்புச்சி பேச்சுக்கு எந்திரிச்சுப் போக மாட்டா. சம்பவம் நடந்த முதல் சில வாரத்துல பிள்ளைங்களுக்கு இப்படி இருக்கறது சகஜம், நிறைய பேருக்குத் தானாவே சரியாயிடும், அந்த நேரத்துல நாங்களே அவசரப்படாம பார்த்துட்டு இருப்போம். மாசக்கணக்காகியும் இப்படியே இருக்குன்னா தானா போகும்னு காத்திருக்கறதுல அர்த்தம் இல்லம்மா. வீட்ல யாருமே பேசலைன்னா பிள்ளைக்கு என்ன புரியும்? பெரியவங்களாலயே தாங்க முடியாத அளவுக்கு இது பயங்கரம், இதப் பத்தி வாய் திறக்கக் கூடாதுன்னுதான் புரியும்.

கொங்குஅம்மா:
மேடம் ரொம்ப நன்றிங்க. படிச்சதும் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி. பாதி நேரம் என்கூடன்னு சொன்னாங்களே, என்கிட்ட என்னங்க பேசுவாங்க? ரெண்டாவது, மாமியார் மாரியம்மன் கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு வந்திருக்காங்க, வாராவாரம் தண்ணி ஓதித் தெளிக்கறாங்க. இதையெல்லாம் நிறுத்தணுமா?

ரொறன்ரோ தம்பு:
அக்கா, முதலாவது கேள்விக்கு நான் சொல்லுறன், அந்தக் கதிரையில இருந்தவன் நான். எங்கட பேஸ்மென்ற் வீட்டில நெருப்புப் பிடிச்சது, ஒருத்தருக்கும் உயிருக்கு ஒண்டும் இல்ல, ஆனா மகனை நான் புகைக்குள்ளால இழுத்துக்கொண்டு வந்தனான். பிறகு பள்ளிக்கூடத்தில ஃபயர் ட்ரில் மணி அடிச்சாலே ஆள் மேசைக்குக் கீழ. இஞ்ச அந்த தெரபிக்கு விட்டம்.

பெற்றோர் நேரம் எண்டா உங்களை வைச்சு விசாரிக்கிறது எண்டு நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு அண்டைக்கு என்ன பழக்கினவையோ அதையே உங்களுக்கும் பழக்குவினம், வீட்டில சேர்ந்து செய்யிறதுக்கு. பிள்ளையைப் பாராட்டுறது எப்படி, கத்திக் குழப்படி செய்யேக்க எதைக் கணக்கெடுக்காமல் விடுறது, எதை விடக்கூடாது, நித்திரைக்குப் போற நேரத்தை ஒழுங்காக்குறது எண்டு மிச்சம் சின்னச் சின்ன விசயங்கள். பாவம் பிள்ளை எண்டு வீட்டில ஒரு சட்டமும் இல்லாமல் விட்டா பிள்ளைக்கு இன்னும் பயம் கூடுமாம், ஏனெண்டா வழமையா இருந்த எல்லாமே போயிட்டுது எண்டு அதுக்குத் தெரியும்.

ஆனா பெரிய விசயம் நடுப்பகுதியில வந்தது. மகன் தன்ர கதையை எழுத எழுத, அவன்ர அனுமதியோட, தெரபிஸ்ட் எனக்கும் மனுசிக்கும் தனியா அதை வாசிச்சுக் காட்டினவ. பிள்ளை இல்லாத அறையில. அதில ஒரு வரி, ஹீற்றரை நான்தான் போட்டனான், அதாலதான் வீடு எரிஞ்சது, அப்பாவுக்கு இது தெரிஞ்சா என்னை வெறுத்திடுவார் எண்டு. நெருப்பு வந்தது வேற அறையில வயரில இருந்து, எங்களுக்கு அது தெரியும், ஆனா அவன் அவ்வளவு நாளும் இதை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். நான் அந்த அறையில விழுந்து விழுந்து அழுதனான். அதுக்குத்தான் அந்த நேரம். அடுத்த முறை வாசிக்கேக்க கொஞ்சம் குறைஞ்சுது, அதுக்கடுத்த முறை என்ன பதில் சொல்லுறது எண்டு ஒத்திகை பார்த்தம். கடைசியில மகன் எங்களுக்கு முன்னால தானே வாசிக்கேக்க எங்களால அவன்ர முகத்தைப் பார்த்துக் கேக்க ஏலுமாயிருந்தது. பிள்ளை முதல் தரம் சொல்லேக்க நாங்கள் உடைஞ்சு போனா, அம்மாவை அழ வைச்சது நான் எண்டு திரும்ப மூடிப்போடும். இந்த ஒழுங்கை யோசிச்சுக் கண்டுபிடிச்ச ஆக்களுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறன் எண்டு எழுத்தில சொல்ல ஏலாது.

வைகைக்கரை:
தம்பு சார், இதவிடத் தெளிவா என்னால சொல்லியிருக்க முடியாது. அந்த "என்னாலதான்" இருக்கே, அதுக்காகத்தான் கதையே. நிறைய பிள்ளைங்ககிட்ட இது ஏதோ ஒரு உருவத்துல இருக்கும். நான் ஐஸ்க்ரீம் கேட்டதாலதான் வண்டிய நிறுத்தினாங்க, நான் பேசிட்டே வந்ததாலதான் அப்புச்சி ரோட்டப் பார்க்கல, இந்த மாதிரி. பெரியவங்க உடனே அப்படியெல்லாம் இல்லடா கண்ணுன்னு வாயடைச்சிடுவோம், அது பிள்ளைக்குள்ள இறங்காது. நாங்க கேள்வியா கேட்போம்: லாரி எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு? அத ஓட்டினது யாரு? உன் பெஞ்ச்ல உக்கார்ற பொண்ணுக்கு இதே மாதிரி நடந்து அவ என்னாலதான்னு சொன்னா நீ அவகிட்ட என்ன சொல்லுவ? அவளே பதில் சொல்லணும், அவ வாயாலயே வரணும், அதுக்கு ரெண்டு மூணு வாரம்கூட ஆகலாம்.

கயிறும் தண்ணியும் நிறுத்தவே வேண்டாம்மா. பாட்டி மடியில உக்கார வெச்சு நெத்தில திருநீறு வெச்சா பிள்ளைக்கு அது பாதுகாப்புதானே. பேய் புடிச்சிருக்கு, அப்புச்சி ஆவி கூப்பிடுதுன்னு பிள்ளை காதுபட மட்டும் யாரும் பேசாமப் பார்த்துக்கங்க. தெரபிஸ்ட்கிட்டயும் இத மறைக்காமச் சொல்லிடுங்க, மரியாதையாக் கேட்டுக்கறவங்களா இருந்தா நல்ல தெரபிஸ்ட்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, நானா சொல்றேன். செத்தது உங்க அப்பா. முழுப் பதிவுலயும் பொண்ணப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கீங்க. உங்களுக்குன்னு தனியா பேச ஒரு ஆள் வேணும், உங்க பொண்ணோட தெரபிஸ்ட்கிட்ட இதயும் கேளுங்க, இல்லன்னா 14416 டெலிமானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

நேர்மைமணி:
சரி, எங்க அக்கா பையனுக்கு நடந்தது வேற, ஒத்துக்கறேன். ஆனா இதெல்லாம் அமெரிக்கால, கனடால சரி. அங்க ஒரு குழந்தைக்கு ஒரு ரூம், ஒரு தெரபிஸ்ட், இன்சூரன்ஸ். நம்ம ஊர்ல இருக்கற மொத்த சைக்காலஜிஸ்ட்டும் பத்தாது. அதோட நம்ம குடும்ப அமைப்பே வேற. அங்க ஆராய்ச்சி பண்ணி வந்தத இங்க அப்படியே எடுத்துப் போட்டா வேலை செய்யும்னு எப்படி நம்பறது?

பனங்கூடல்:
மணி ஐயா, உங்கட கேள்விக்குப் பதில் எங்கட மண்ணிலயே இருக்குது. நான் யாழ்ப்பாணத்தில ஆசிரியர், உளவளத்துணையும் செய்யிறனான். 2004 சுனாமி வரேக்க எங்கட பிள்ளையள் ஏற்கெனவே சண்டையைப் பார்த்த பிள்ளையள், அதுக்கு மேல கடல் வந்தது. அந்த நேரம் வடகிழக்கு முகாமில இருந்த 8 தொடக்கம் 14 வயதுப் பிள்ளையள் 31 பேரை வைச்சு ஒரு ஆய்வு நடந்தது. செய்தது வெளிநாட்டு டாக்குத்தர்மார் இல்ல, பயிற்சி எடுத்த உள்ளூர் ஆக்கள், தமிழில. ஆறு அமர்வு மட்டும். கிட்நெற் எண்டு சொல்லுவினம், இந்த தெரபிக்குச் சொந்தம் மாதிரியான முறை. நிலத்தில ஒரு கயிற்றை விரிச்சு, பிறந்த நாளில இருந்து இண்டைக்கு வரைக்கும் அது உன்ர வாழ்க்கை எண்டு சொல்லி, நல்லது நடந்த இடத்தில பூ, கெட்டது நடந்த இடத்தில கல்லு வைக்கச் சொல்லுறது. பிறகு ஒவ்வொரு கல்லா எடுத்து அதின்ர கதையை மெல்ல மெல்லக் கதைக்கிறது, அதை எழுதி முடிவில பிள்ளையின்ர கையிலயே குடுக்கிறது. ஆறு மாசத்துக்குப் பிறகு பார்க்கேக்க அந்த முறையில இருந்த பிள்ளையளில 81 வீதம் பேருக்கு அந்த அதிர்ச்சி நோய் இல்ல.

நேர்மையா மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். அதே ஆய்வில மற்ற அரைவாசிப் பிள்ளையளுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் மட்டும்தான் குடுத்தவை, கதை கேக்கயில்ல. அவையளிலும் 71 வீதம் சுகம். இரண்டுக்கும் இடையில பெரிய வித்தியாசம் எண்டு சொல்ல ஏலாது.

நேர்மைமணி:
பார்த்தீங்களா! அப்போ கதையே கேக்காம மூச்சுப் பயிற்சி, தியானம் மட்டும் சொல்லிக் குடுத்தாலும் சரியாகுது. இததான நான் முதல்லருந்து சொல்றேன். ஒரு சின்னப் பொண்ண செத்துப்போன தாத்தாவ மறுபடி பார்க்க வைக்கணுமா?

வைகைக்கரை:
நல்ல கேள்வி சார், இதுல எங்களுக்குள்ளயே விவாதம் உண்டு. 31 பிள்ளைங்கங்கறது சின்ன எண்ணிக்கை, ரெண்டு முறையும் சமம்னு அத மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. இந்தக் கேள்விக்காகவே டெப்ளிங்கர் குழு 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பாலியல் கொடுமைக்கு ஆளான 4லருந்து 11 வயசு வரைக்குமான 210 பிள்ளைங்க. சில பேருக்குக் கதை எழுதறதோட சேர்த்து, சில பேருக்குக் கதை இல்லாம, அதுலயும் 8 வாரம் சில பேருக்கு 16 வாரம் சில பேருக்கு. எல்லாருமே நல்லா முன்னேறினாங்க, அது உங்க பக்கம். ஆனா சம்பவத்தப் பத்தின பயமும் பொதுவான பதட்டமும் அதிகமாக் குறைஞ்சது எட்டே வாரத்துல கதையும் எழுதின பிள்ளைங்களுக்கு. அவங்க அப்பாம்மாவோட மன வேதனையும் அங்கதான் அதிகமாக் குறைஞ்சுது. கதை இல்லாத 16 வாரத்துல வேற ஒண்ணு நல்லா வந்துச்சு, பெற்றோர் வளர்க்கற விதம் மேம்பட்டுச்சு, பிள்ளைங்களோட முரட்டுத்தனம் குறைஞ்சுது.

இதுலருந்து நான் எடுத்துக்கறது என்னன்னா, அடிதடி, அடங்காமதான் பெரிய பிரச்சனைன்னா பெற்றோர் பயிற்சிக்கு அதிக நேரம், பயமும் ஒதுங்கறதும்தான் பிரச்சனைன்னா கதை வேணும். கொங்குஅம்மா பொண்ணுக்கு ரெண்டாவதுதான். கதை இல்லாமயே முடிக்க வேண்டியிருந்தா முடிப்பேன், பிள்ளை கழுத்தப் புடிச்சு வாங்க மாட்டேன். ஆனா "கதையா, ஐயோ வேண்டாம்"னு பெரியவங்க பயத்துக்காக அத எடுத்துடறது பிள்ளைக்குப் பண்ற துரோகம்னு நினைக்கறேன், வார்த்தை கொஞ்சம் கடுமைதான், ஆனா அப்படியேதான் சொல்றேன்.

ஆள் பத்தாதுன்னு சொன்னீங்கல்ல, அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா ஜாம்பியால, லுசாகா நகரத்துல, 257 பிள்ளைங்கள வெச்சு நடந்த ஆய்வுல, பாதிப் பேருக்கு இதே தெரபியப் பண்ணினது சைக்காலஜிஸ்ட் இல்ல, ட்ரெய்னிங் குடுத்து வாராவாரம் மேற்பார்வை பண்ணின சாதாரண உள்ளூர் ஆளுங்க. 2015ல வந்த முடிவு. ட்ராமா அறிகுறி சராசரியா 82 சதவீதம் குறைஞ்சுது, வழக்கமான உதவி மட்டும் கிடைச்ச பிள்ளைங்களுக்கு 21 சதவீதம். அங்கயும் பாட்டி சித்தின்னு சொந்தக்காரங்க வளர்க்கற பிள்ளைங்க உண்டு. நம்ம ஊர்ல அங்கன்வாடி அக்காக்கள், ஸ்கூல் டீச்சர்கள்ல ஆர்வம் இருக்கறவங்களுக்கு ஒழுங்கான பயிற்சியும் தொடர்ந்து மேற்பார்வையும் குடுத்தா ஏன் முடியாது? ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் நடத்தி சர்டிஃபிகேட் குடுத்துட்டுப் போறதச் சொல்லல.

பனங்கூடல்:
மேற்பார்வை எண்டது பெரிய விசயம் அம்மா. இன்னொண்டையும் சொல்லிப்போட்டுப் போறன். எங்கட வடக்கில சண்டை முடிய முதல் பள்ளிக்கூடங்களில 399 பிள்ளையளோட இன்னொரு ஆய்வும் நடந்தது, சிபிடி முறையளும் விளையாட்டு, சித்திரமும் சேர்த்து வகுப்பில குழுவாச் செய்தது. மொத்தமாப் பார்த்தா பெரிய பலன் தெரியயில்ல. அண்டாட வாழ்க்கையில சண்டையின்ர நெருக்கடி குறைவா இருந்த பிள்ளையள்தான் கூட முன்னேறினவை. சில பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பயிற்சி இல்லாமலே இருந்திருந்தால் நல்லது போலவும் முடிவு வந்தது. வெளியில செல் குண்டு விழேக்க உள்ள மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்து என்ன செய்யிறது? எங்கட மனநல வைத்தியர், பேராசிரியர் தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்பச் சொல்லுறது இதைத்தான், காயம் பட்டது தனிப் பிள்ளை மட்டும் இல்ல, முழுச் சமூகமும் எண்டு. தகப்பனைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கிற வீட்டில பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் செய்ய ஏலாது.

ஷாந்தி_திருச்சி:
இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுட்டு எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். என் பையனுக்கு ஆறு வயசு. அவங்க அப்பா என்ன அடிக்கறத பிறந்ததுலருந்து பார்த்திருக்கான். இப்ப நாங்க அம்மா வீட்ல இருக்கோம், ஆனா அவரு குடிச்சுட்டு வாரத்துல ஒரு நாளாவது வாசல்ல வந்து கத்தறாரு. பையன் ஸ்கூல்ல எல்லாரையும் அடிக்கறான், வீட்ல என் முந்தானைய விடறதில்ல. அவனுக்கு இந்த தெரபி குடுக்கலாமா இல்ல இந்தப் பிரச்சனை முடிஞ்சப்புறம் பார்க்கணுமா?

வைகைக்கரை:
எழுதினது ரொம்ப நல்லதும்மா. முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனா வரிசை மாறும். பாதுகாப்பு பத்தின பகுதி சாதாரணமா கடைசில வரும், உங்க மாதிரி வீட்டுக்கு அது முதல் நாளே. அவர் வந்தா நீ எந்த ரூமுக்குப் போவ, யார் கைய புடிச்சுக்குவ, யாருக்கு ஃபோன் பண்ணுவ, நடுவுல வந்து அம்மாவக் காப்பாத்தறது உன் வேலை இல்லன்னு பிள்ளைக்குப் பழக்கிடணும். பிட்ஸ்பர்க்ல பெண்கள் காப்பகத்துக்கு வந்த தாய்மார்களோட 124 பிள்ளைங்கள வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, அதுல பாதிப் பேருக்கு எட்டே வாரத்துல இதப் பண்ணிப் பார்த்திருக்காங்க, நிறைய பேர் வீட்ல ஆபத்து முழுசா முடியாத நிலைலதான். பலன் இருந்துச்சு, குறிப்பா பதட்டத்துல. அங்க பிள்ளைக்குக் கத்துக் குடுத்தது "இனி பயமே வேண்டாம்"னு இல்ல, எது நிஜ ஆபத்து, எது பழைய ஞாபகத்தால வர்ற பயம்னு பிரிச்சுப் பார்க்க. குக்கர் விசிலுக்கு நடுங்கினா அது ஞாபகம். வாசல்ல சத்தம் கேட்டா அது நிஜம், அப்ப ஓடிப் போய் கதவ சாத்தறதுதான் புத்திசாலித்தனம்.

அடிச்சவர் இந்த தெரபில உக்காரக் கூடாது, யாரு சமாதானம் பேசிக் கூட்டிட்டு வந்தாலும். உங்க சட்டப் பாதுகாப்புக்கு பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்க, குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அவர் வாசலுக்கு வர்றதையே கோர்ட் தடை பண்ண முடியும். பையனுக்கு குழந்தைகள் உதவி எண் 1098. தனிச்செய்தி அனுப்புங்கம்மா, திருச்சில யார்கிட்ட போகலாம்னு சொல்றேன்.

வக்கீல்தம்பி:
நடுவுல வந்து ஒரு சட்ட விஷயம் சொல்லிடறேன், ஏன்னா மேல பாலியல் கொடுமை ஆய்வுகள் பத்திப் பேசியிருக்காங்க, படிக்கறவங்கள்ல அந்த நிலைமைல இருக்கற பெற்றோரும் இருப்பாங்க. குழந்தைகள் மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 2012, 19வது பிரிவுப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் புகார் குடுத்தே ஆகணும், தெரபிஸ்ட்டும்தான், அதனால அவங்க போலீஸ்ல சொல்றேன்னு சொன்னா உங்களுக்கு எதிரா போறாங்கன்னு நினைக்காதீங்க. கேஸ் முடியற வரைக்கும் தெரபி பண்ணக் கூடாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சட்டத்துல அப்படி எதுவும் கிடையாது. 2020 விதிகள்ப்படி குழந்தைகள் நலக்குழு ஒரு துணை நபர நியமிக்கலாம், விசாரணைலருந்து கோர்ட் வரைக்கும் கூடவே வருவாங்க. சாட்சி சொல்றப்ப பிள்ளைகிட்ட வக்கீல் நேரடியாக் கேள்வி கேக்க முடியாது, நீதிபதி மூலமாத்தான், குற்றம் சாட்டப்பட்டவர பிள்ளை கண்ல படாம வைக்கணும். இந்த உரிமைய எல்லாம் கேட்டு வாங்கணும், தானா நடக்கறது குறைவு.

நாகைக்காரன்:
மருந்து குடுக்கலாமாண்ணு யாரும் கேக்கலியே? எங்க சொந்தத்துல பன்னெண்டு வயசுப் பையனுக்கு வெறும் மாத்திரை மட்டும் எழுதி அனுப்பிட்டாங்க, பேசவே இல்ல.

வைகைக்கரை:
2018ல வந்த பிரிட்டன் அரசு மருத்துவ வழிகாட்டுதல் இதுல ரொம்ப நேரடியா சொல்லுது: 18 வயசுக்குக் கீழ இந்த ட்ராமா பிரச்சனைக்குன்னு மாத்திரை குடுக்காதீங்க, ட்ராமாவுக்கான சிபிடிதான் முதல்ல, அதுல சரியாகலன்னா 7 வயசுலருந்து ஈஎம்டிஆர், அதாவது கண்ண இப்படியும் அப்படியும் அசைச்சுட்டே சம்பவத்த நினைக்க வைக்கற ஒரு சிகிச்சை. கூட வேற வியாதி, கடுமையான மனச்சோர்வு மாதிரி, இருந்தா டாக்டர் மருந்து குடுக்கறதுக்குக் காரணம் இருக்கலாம். அதனால நீங்களா நிறுத்திடாதீங்க தம்பி, எதுக்காக இந்த மாத்திரைன்னு அந்த டாக்டர்கிட்டயே கேளுங்க, பேச்சு சிகிச்சைக்கு எங்க அனுப்பறீங்கன்னும் கேளுங்க.

கொங்குஅம்மா:
எல்லாத்தையும் எங்கம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேங்க. தம்பு அண்ணன் எழுதினதக் கேட்டு எங்கம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவங்களே என்னைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட போகணும்னு கேட்டாங்க. ஆரம்பிக்கறோம்ங்க. இப்ப ரெண்டு விஷயம். ஸ்கூல் திறந்தாச்சு, அவங்க அப்பா டிவிஎஸ்ல கொண்டு போய் விடறாரு, வேன்ல பழக்கறது எப்ப? அப்புறம் ஹால்ல இருந்த அப்புச்சி போட்டோவ அவ பாக்கக் கூடாதுன்னு எடுத்து உள்ள வெச்சிருக்கோம். அத மாட்டறதா வேண்டாமா?

வைகைக்கரை:
வேன் விஷயம் தெரபிஸ்ட் சொல்ற நேரத்துல, மூச்சும் பயத்துக்கு மார்க் போடறதும் அவளுக்கு நல்லா வந்த பிறகு. ஏணி மாதிரி வெப்போம். நின்னுட்டு இருக்கற கார் பக்கத்துல நிக்கறது, கதவத் திறந்து உக்கார்றது, இன்ஜின் ஓடாம அஞ்சு நிமிஷம், இன்ஜின் ஓட, தெருமுனை வரைக்கும், அப்புறம் ஸ்கூல் பாதி தூரம், கடைசிலதான் பைபாஸ். ஒரு படில பயம் பத்துலருந்து மூணு நாலுக்கு இறங்கற வரைக்கும் அதே படி. பயம் உச்சில இருக்கறப்ப இறக்கிக் கூட்டிட்டு வந்துட்டா, தப்பிச்சதாலதான் பொழைச்சேன்னு அவ மனசு எழுதிக்கும், அதனால ஆரம்பப் படி அவளால முடியற அளவுக்குச் சின்னதா இருக்கணும். ஒரு நாள் பண்ணிட்டு ஒரு வாரம் விடக் கூடாது, தினமும் கொஞ்சம். டிரைவர்கிட்டயும் முன்னாடியே பேசி வெச்சுடுங்க, ஹாரன் அடிச்சு அவசரப்படுத்தாம இருக்க.

போட்டோவ யாரு எப்ப மாட்டறதுன்னு அவளக் கேட்டு முடிவு பண்ணுங்க, இப்பவே வேண்டாம். இந்த தெரபில கண்ணெதிர நடந்த சாவுக்குன்னே கடைசில சில வாரம் தனியா உண்டு. விபத்து ஞாபகம் முன்னாடி வந்து நிக்கற வரைக்கும் அப்புச்சியோட நல்ல ஞாபகம் எதுவும் மேல வர முடியாது, அவர நினைச்சாலே லாரிதான் வரும். அது கொஞ்சம் அடங்கினதும் அவர் எப்படி சிரிப்பாரு, எந்தக் கடையில என்ன வாங்கிக் குடுப்பாரு, அவர் மேல ஏதாவது கோவம் இருக்கா, இது எல்லாம் பேசுவாங்க. சில பிள்ளைங்க ஒரு டப்பால அவரோட சாமானெல்லாம் சேர்த்து வெச்சுக்கும். உங்க அம்மாவுக்கும் அந்த வாரங்கள்ல இடம் உண்டான்னு கேட்டுப் பாருங்க, அவங்க இழந்தது புருஷன.

நேர்மைமணி:
மேடம், எங்க அக்காகிட்ட பேசினேன். பையனுக்கு இப்ப பதினொண்ணு, இன்னும் கேஸ் அடுப்பு பத்த வெச்சா சமையக்கட்டுப் பக்கம் வர மாட்டான். மறுபடி யார்கிட்டயாவது போறதா இருந்தா அந்த ஆள் ஒழுங்காப் பண்றாங்களான்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்? அதச் சொல்லுங்க.

வைகைக்கரை:
சார், முதல் தடவ போறப்பவே கேளுங்க. ட்ராமாவுக்கான சிபிடில எங்க பயிற்சி எடுத்தீங்க, இப்ப உங்களுக்கு மேற்பார்வை யாராவது இருக்காங்களா. பெற்றோருக்குன்னு எவ்வளவு நேரம் ஒதுக்குவீங்க? இல்ல நாங்க பிள்ளைகிட்ட மட்டும் பேசறோம், நீங்க வெளிய உக்காருங்கன்னு சொன்னா யோசிங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் கேள்வித்தாள் வெச்சு அளப்பாங்களான்னு கேளுங்க, முன்னேற்றம் இல்லைன்னா அதுலதான் தெரியும். பழைய அனுபவத்த மறைக்காம முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க அக்காவ, முன்னாடி ஒருத்தர் அவசரப்பட்டுக் கேட்டதுல பையன் மோசமானான்னு. நல்லவங்களா இருந்தா அதக் கேட்டு வேகத்தக் குறைப்பாங்க, பையன்கிட்டயே நேரா சொல்லுவாங்க, இங்க நீ தயார்னு சொல்ற வரைக்கும் யாரும் அதக் கேக்க மாட்டோம்னு. பதினொரு வயசுங்கறது தாமதம் ஒண்ணும் இல்ல.

கொங்குஅம்மா:
கடைசியா ஒண்ணுங்க மேடம். சின்னவன் நாலு வயசு, அவன் அந்தக் கார்ல இல்ல. அக்கா அலறறதப் பார்த்து இப்ப அவனும் ராத்திரி எந்திரிச்சு அழறான். அவனையும் கூட்டிட்டுப் போகணுமா, அவ எழுதற கதைய அவனுக்கும் சொல்லுவாங்களா?

வைகைக்கரை:
கதை அவளுது, அவ சம்மதம் இல்லாம தம்பிக்குப் போகாது, நாலு வயசுக்கு அந்த விவரம் தேவையும் இல்ல. அவனுக்கு வீட்ல நீங்களே சொல்லலாம்: அப்புச்சி கார் மோதி செத்துப் போயிட்டாரு, அவர் திரும்பி வர மாட்டாரு, அக்கா அன்னைக்குப் பயந்ததால ராத்திரி அழறா, அவளுக்கு டாக்டர் உதவி பண்றாங்க, நீ பத்திரமா இருக்க. தூங்கிட்டாரு, ஊருக்குப் போயிருக்காருன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் தூங்கறதுக்கே பயப்படுவான். குமிழி ஊதறத ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணட்டும், அக்காவே அவனுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். அவன் அழறது குறையலன்னா அடுத்த தடவ போறப்ப உங்க நேரத்துல தெரபிஸ்ட்கிட்ட சொல்லுங்க, தனியா ஒரு தடவ பார்ப்பாங்க.